சொல்லாமையும் பொய்யாமையும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொய்யாமையும் ஒன்று என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். பொய் கூறலாகாது, கூறும் மெய்யும் பிற உயிரை வருத்துவதாக இருத்தலாகாது. இவ்விரு நெறிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று தழுவியே செல்கின்றன. சிற்சில வேளைகளில் மட்டும், ஒன்றைக் காக்கப் புகுந்தால் மற்றொன்று பழுதுபடுமோ என்னும் ஐயம் எழுகின்றது. அத்தகைய ஐயம் ஒன்றைச் சுமந்துகொண்டு, கடந்த சில ஆண்டுகளாகப் பர்கூர்ப் பகுதிப் பெற்றோர் சிலர் என்னிடம் வந்ததுண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதனால் வருகின்றனர்; நான் மருத்துவம் கற்றவளல்லள். ஆதலின் இக்கட்டுரையை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ளாது, இல்லத்துள் எழும் ஓர் அறக் கேள்வியைப் பற்றிய சிந்தனையாகக் கொள்ளுமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறேன்.

அவர்கள் கேட்பது இதுவே. மகனுக்கோ மகளுக்கோ பதின்மூன்று, பதினைந்து வயது. புத்தகத்தைத் திறந்தால் ஐந்து நிமிடம் மனம் நிற்பதில்லை. வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டுப் பள்ளிக்கு எடுத்துச்செல்ல மறந்துவிடுகிறார்கள். கேள்வி முடியுமுன் விடை கூறுகிறார்கள். கிழக்கே வேலூர், மேற்கே பெங்களூரு, இரண்டும் நமக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்; ஏதேனும் ஓரிடத்திற்கு அழைத்துச் சென்று காட்டியதில், மருத்துவர் பல நாள் விசாரித்துவிட்டு 'ஏ.டி.எச்.டி.' என்று பெயர் சொல்லியிருக்கிறார். தமிழில் இதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகின்றனர். மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "இதைப் பிள்ளையிடம் சொல்லலாமா டீச்சர்? சொன்னால் மனம் உடைந்து போகாதா? சொல்லாவிட்டால் பொய்யாகிவிடாதா?"

சொல்லத்தான் வேண்டும் என்பது என் துணிபு. ஆயினும் 'உண்மை பேச வேண்டும், ஆகவே சொல்ல வேண்டும்' என்று ஒரு வரியில் முடித்துவிடக்கூடிய காரியமன்று இது. ஏன், எப்பொழுது, எவ்வளவு என்பனவற்றை நிதானமாக நோக்க வேண்டும்.

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. 1798 ஆம் ஆண்டிலேயே அலெக்சாந்தர் கிரைட்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், ஒரு பொருளில் நிலைத்து நிற்க மாட்டாத கவனத்தைப் பற்றித் தம் நூலில் எழுதினார். 1902 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், இலண்டன் நகரின் ராயல் மருத்துவர் கல்லூரியில் இது குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவில்லாத குழந்தைகள் சிலர் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாது தவிப்பதை அவர் கூர்ந்து கண்டு விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர்தான் நம் சிந்தனைக்குரியது. ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அவர் அதனைக் குறித்தார். மருத்துவரே அறநூற் சொல்லைக் கையாண்ட காலம் அது. பின்னர் ஆராய்ச்சி வளர வளர அந்த 'ஒழுக்கம்' என்னும் சொல் உதிர்ந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980 இல் இதனைக் கவனக்குறைவு என்று பெயரிட்டு, 1987 இல் இன்றைய பெயரை வழங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள பதினோராம் நோய்ப் பட்டியலிலும் இப்பெயரே உள்ளது. மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டில் கடந்து வந்த தொலைவு இது. நம் வீடுகளோ இன்னும் 1902 ஆம் ஆண்டிலேயே நிற்கின்றன. சோம்பேறி, திமிர் பிடித்தவன், தறுதலை, 'நினைத்தால் செய்வான், நினைக்க மாட்டான்' என்பவை எல்லாம் ஒழுக்கத்தின் மேல் வைக்கப்படும் தீர்ப்புகளே அல்லவா?

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயின் பெயரைச் சொன்னால் பிள்ளை வருந்துமே என்று அஞ்சுகின்ற பெற்றோர், அப்பிள்ளை ஏற்கெனவே பல பெயர்களைச் சுமந்துகொண்டிருப்பதை நினைப்பதில்லை. மேற்சொன்ன பெயர்கள் யாவும் அவன் காதில் பத்தாண்டுகளாக விழுந்துகொண்டிருப்பவை. அவற்றை அவன் நம்பியும் விடுகிறான். மருத்துவர் தரும் பெயர், பெயரே இல்லாத ஒரு குழந்தையின் மேல் புதிதாக ஒட்டப்படுவதன்று. பொய்யான பழைய பெயர்களை அகற்றிவிட்டு அவ்விடத்தில் வைக்கப்படும் மெய்யான பெயர் அது.

'நினைத்தால் செய்வான்' என்பதைப் பற்றி இன்னும் சற்றே கூற வேண்டும். ஏனெனில் எல்லாத் தவறான எண்ணங்களுக்கும் இதுவே வேர். துணி வணிகத்திற்குப் பெயர் பெற்ற நம் பர்கூரில், பள்ளி விட்டதும் தந்தையின் கடையில் வந்து நிற்கும் பிள்ளைகள் பலர். எந்த அலமாரியில் எந்தச் சரக்கு, எந்த ஊர் வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அப்பிள்ளைக்கு மனப்பாடம். ஒரே நேரத்தில் மூன்று வாடிக்கையாளரிடம் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் பேசி முடிப்பான். ஆனால் வீட்டில் பத்துக் கணக்குப் போட உட்கார்ந்தால் நான்காம் கணக்கில் எழுந்துவிடுகிறான். 'கடையில் இருக்கும் மூளை புத்தகத்தில் எங்கே போயிற்று?' என்று தந்தை சினங்கொள்வது இயல்பே. 1970 ஐ ஒட்டி நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், கல்வி உளவியலில் கவனம் என்று ஒரு பாடம் உண்டு. தானாக எழும் கவனம், வலிந்து செலுத்தும் கவனம் என இருவகை என்று படித்தோம். வலிந்து செலுத்தும் ஆற்றல் எல்லார்க்கும் ஒரே அளவில் அமைந்திருப்பதில்லை என்பதை அந்நாளில் எவரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆளும் ஓசையும் மாற்றமும் நிறைந்த கடையில் கவனம் தானாக எழுகின்றது. அமைதியான அறையில் அதனை ஒருவன் தானே இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. அந்தப் பிடிதான் இப்பிள்ளைகளுக்குத் தளர்ந்திருக்கிறது. அவர்களுடைய விருப்பத்திலோ அறிவிலோ குறையில்லை.

2007 ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு, பிள்ளைகளின் மூளைப் படங்களை ஆண்டுக்கணக்காக எடுத்து ஒப்பிட்டது. மூளையின் மேலுறை தன் முழுத் தடிப்பை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு நடுவளவாக ஏழரை, இப்பிள்ளைகளுக்குப் பத்தரை. வளர்ச்சியின் ஒழுங்கு ஒன்றே. காலம் மட்டும் மூன்றாண்டு பின்தங்கியிருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வதற்கு இதனினும் நல்ல செய்தி வேறில்லை என்று நான் கருதுவதுண்டு.

எத்தனை பேருக்கு இந்நிலை உள்ளது என்றால், உலக அளவில் நூற்றுக்கு ஐவர் என்ற அளவில் ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். 2013 இல் வெளிவந்த கோயம்புத்தூர் ஆய்வு ஒன்று, நான்கு பள்ளிகளில் ஆறு முதல் பதினொரு வயது வரையிலான 770 பிள்ளைகளைப் பார்த்து, நூற்றுக்கு 11.32 என்று கண்டது. ஆய்வுமுறைக்கு ஏற்ப எண் மாறும். குறைந்த கணக்கையே கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர். நான் பாடம் நடத்திய ஒவ்வொரு வகுப்பிலும் அவ்விருவர் இருந்திருப்பர்.

இனி, நம்மவர் இல்லங்களுக்கே உரிய ஒரு சிக்கல். தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் வினைக்கட்டுக்குக் காரணங்களாக உரைக்கும் ஐந்தனுள் பிரமாதமும் ஒன்று. (பேச்சு வழக்கில் 'சாப்பாடு பிரமாதம்' என்று புகழ்கின்றோம். சாத்திரத்தில் அச்சொல்லுக்கு அசட்டை, விழிப்பின்மை என்று பொருள். சொற்களின் விதி விந்தையானது.) இதனைக் கற்றறிந்த பெரியோர் சிலர், சாமாயிகத்தில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அசையாது அமர மாட்டாத பேரனைப் பார்த்து, 'இதுதான் பிரமாதம், இதனால் பாவம் சேரும்' என்று அச்சுறுத்துகின்றனர். வேறு சிலர் முன்வினை என்று முடித்துவிடுகின்றனர்.

பிரமாதம் என்பது, விழித்திருக்க வல்லவன் பொருட்படுத்தாது இருத்தல். நாம் பேசுகின்ற பிள்ளையோ பொருட்படுத்துகிறது. மறந்த பிறகு அழுகிறது, நாளை மறக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறது, மறுநாளும் மறக்கிறது. பொருட்படுத்தாமைக்கும் இயலாமைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியாமல் பாவத்தின் பெயரைச் சூட்டுவது, சூட்டுபவரின் விழிப்பின்மையாகவே முடியும். வினைக் கொள்கையோ அவரவர் தம்மைத் திருத்திக்கொள்வதற்கென்று அருளப்பட்டது. அதனைக் கொண்டு ஒரு குழந்தையின் நெற்றியில் தீர்ப்பு எழுத எவருக்கும் உரிமையில்லை. அமர்ந்து செய்ய இயலாத பிள்ளையைச் சிறிது நேரம் நின்றோ, மெல்ல நடந்தோ பாடம் சொல்லச் செய்து, பத்து நிமிடத்திலிருந்து தொடங்கிப் பழக்கலாம்.

அப்படியானால் அப்பிள்ளைக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். மிக நல்ல கேள்வி. சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணமே இங்குதான் இருக்கிறது.

தன் கால் ஊனத்தை அறிந்தவன் கைத்தடியை எடுத்துக்கொள்ள மறந்தால் அவனைக் கடிந்துகொள்ளலாம். ஊனம் இருப்பதையே அவனுக்கு மறைத்துவிட்டு, ஏன் விழுந்தாய் என்று கடிவது முறையாகுமா? இந்நிலையைப் பற்றி அறிந்த பிள்ளையிடம், 'ஏன் மறந்தாய்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'மறவாதிருக்க என்ன ஏற்பாடு செய்தாய்?' என்று கேட்கலாம். முதற் கேள்விக்கு அவனிடம் விடையில்லை, ஒருபோதும் இருந்ததுமில்லை. இரண்டாம் கேள்விக்கு விடை உண்டு. அறிதல் அவனுடைய பொறுப்பைக் குறைத்துவிடாது. அவனால் தாங்கக்கூடிய இடத்திற்கு அதனை மாற்றி வைக்கும். அறியாதவனை இகழ்வதும் நேர்மையன்று, புகழ்வதும் நேர்மையன்று. மறைக்கின்ற பெற்றோர் பிள்ளையின் துயரத்தைத் தடுப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில், அவன் பொறுப்புள்ள மனிதனாக வளரும் வழியையே அடைத்துவிடுகின்றனர்.

'சொன்னால் அதையே சாக்காக வைத்துக்கொள்வான்' என்று பல தந்தையர் கூறுகின்றனர். சில நாள் வைத்துக்கொள்ளத்தான் செய்வான். பதினான்கு வயதில் எதைத்தான் சாக்காக்குவதில்லை! மேற்சொன்ன இரண்டாம் கேள்வியைச் சினமின்றி ஒவ்வொரு முறையும் கேட்டு வந்தால் அது சில மாதங்களில் தேய்ந்துபோகும்.

'ஊரார் அறிந்தால் நாளை சம்பந்தம் பேசுவது எப்படி?' என்பது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் தாழ்ந்த குரலில் கேட்பது. பிள்ளையிடம் சொல்வது வேறு, ஊராரிடம் சொல்வது வேறு. இச்செய்தி பிள்ளைக்கு உரியது; யாரிடம் சொல்வது என்பதில் வளர்ந்த பிள்ளையின் விருப்பமே முதன்மையானது. அத்தை, சித்தப்பா, எதிர் வீட்டார் அனைவரிடமும் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் மட்டும் மறைக்கின்ற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அறிய வேண்டியவர் அறியாமலும், அறிய வேண்டாதவர் அறிந்தும் இருப்பது எத்தகைய முறை? பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. அவர்களுள் பலர் ஓடி ஆடுவதில்லை. சன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருப்பர். 'சாதுவான பெண், சற்று மந்தம்' என்று ஆசிரியர்களும் விட்டுவிடுவர். அதனால் அவர்களுடைய நிலை வெளிப்படுவதே காலந்தாழ்ந்துதான்.

மறைப்பதால் நேரும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் பழைய வைட்டமின் டப்பாவில் இட்டு, ஞாபக சக்திக்கு என்று கூறிப் பிள்ளைக்குக் கொடுத்து வந்தனர். அவ்வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே. அவர் அந்தப் பிள்ளைதான். வங்கிக் கடிதம், மின்கட்டண அறிவிப்பு, சரக்கு லாரி ரசீது எல்லாவற்றையும் அவன்தான் படித்துச் சொல்வான். பீரோவில் மடித்து வைத்திருந்த மருத்துவ அறிக்கையையும் ஒருநாள் அவன் படித்துவிட்டான். கைப்பேசியில் தேடினான். மூன்று வாரம் எவரிடமும் பேசாதிருந்துவிட்டு, ஓர் இரவு தன் தாயிடம், "அம்மா, எனக்குப் பைத்தியமா?" என்று கேட்டிருக்கிறான். நோயின் பெயர் அவனை அவ்வளவு வருத்தவில்லை. தாயும் தந்தையும் மறைக்க நேர்ந்த அளவிற்கு அது இழிவானது என்று அவன் முடிவு செய்துகொண்டதே வருத்தியது. மாத்திரையையும் அன்றோடு நிறுத்திவிட்டான். எல்லைப்புற ஊர்களில் இத்தகைய வீடுகள் எத்தனையோ உள. பிள்ளைகளே நம் கண்ணாகவும் வாயாகவும் இருக்கும்போது, அவர்கள் கண்ணுக்கு எதை மறைக்க இயலும்?

வெளியுலகச் செய்திகள் இரண்டை இங்கு ஒப்பு நோக்கலாம். அமெரிக்க உடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். அடுத்த மாதமே கணினித் திருடர்கள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் மருத்துவக் குறிப்புகளைத் திருடி வெளியிட்டனர். பைல்ஸ் மருந்து உட்கொள்வது உலகறிய வெளிப்பட்டது. அவர் தமக்கு இந்நிலை இருப்பதையும், சிறு வயது முதல் அனுமதிக்கப்பட்ட முறையில் மருந்து உட்கொள்வதையும், அதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதையும் அன்றே வெளிப்படையாகத் தெரிவித்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. தன்னைப் பற்றிய செய்தியை முன்பே அறிந்திருந்தவரிடமிருந்து அதனைத் திருடி எவராலும் அவரை வீழ்த்த இயலவில்லை. மற்றொன்று நம் அண்டை மாநிலத்தது. தமிழ்ப் படங்களிலும் நடித்துள்ள மலையாள நடிகர் பகத் பாசில், 2024 ஆம் ஆண்டு கோதமங்கலத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான நிறுவன விழா ஒன்றில் பேசுகையில், தமக்கு இந்நிலை இருப்பது நாற்பத்தொன்றாம் வயதில்தான் கண்டறியப்பட்டது என்று கூறினார். ஒருவர் புகழின் உச்சியை அடைந்த பின்னரே தன் இயல்பின் பெயரை அறிகின்றார். பெயரை அறிந்தும் மறைத்து வைத்திருக்கின்ற நாம், நம் பிள்ளைகளையும் நாற்பது வயது வரை காத்திருக்கச் செய்யலாமா?

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் கூறிவிடலாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பும் வரை பாதுகாவலரே பிள்ளையின் சார்பில் முடிவு செய்பவர். ஆயினும் இந்தியா 1992 இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு, தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துக் கூறும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. எதைப் பற்றி என்றே அறியாத குழந்தை எவ்வாறு கருத்துக் கூறும்?

இனி, சொல்லும் முறை. முதலில், சொல்லத்தக்க செய்தி உறுதியானதுதானா என்று பாருங்கள். கைப்பேசியில் பத்துக் கேள்விக்கு விடையளித்துத் தாமே முடிவு கட்டுவது இப்போது பெருகிவருகிறது. பன்னிரண்டு வயதிற்கு முன்பே அறிகுறிகள் தோன்றியிருக்க வேண்டும். பள்ளியில் மட்டுமோ வீட்டில் மட்டுமோ அல்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். தூக்கக் குறைவு, செவிக் குறை, மனக்கலக்கம் முதலியன காரணமல்ல என்று தெளிய வேண்டும். இவற்றைத் தகுதி பெற்ற மருத்துவரே கூற இயலும்.

காலம் முக்கியம். மதிப்பெண் பட்டியல் வந்த நாளன்று வேண்டா. சண்டையின் நடுவே, 'உனக்கு அந்த நோய்தானே!' என்று வீசி எறிவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பாட்டி, மாமா எல்லாரையும் கூட்டிவைத்து நடுவில் உட்காரவைத்தும் சொல்லலாகாது. வளர்ந்த பிள்ளைகள் நேருக்கு நேர் அமர்ந்து பேசுவதைக் காட்டிலும், சேர்ந்து நடக்கும்போதோ, காய் நறுக்கும்போதோ, கடை மூடிய பின் துணி மடிக்கும்போதோ எளிதாகப் பேசுவர். கை வேலையாக இருந்தால் வாய் திறக்கும்.

எவ்வாறு தொடங்குவது என்று கேட்ட ஒரு தாய்க்கு நான் சொன்னது: முதலில் நீங்கள் பேசாதீர்கள், அவனைக் கேளுங்கள். 'படிக்க உட்காரும்போது உனக்குள் என்ன நடக்கிறது?' என்று கேளுங்கள். அவன் சொல்வதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்ட பின்பு, அவன் சொற்களையே எடுத்துக்கொண்டு சொல்லுங்கள். "உனக்குப் பாடம் விளங்காமல் இல்லை. விளங்கியதைப் பிடித்து நிறுத்துவதுதான் மற்றவர்களைவிட உனக்குக் கடினமாக இருக்கிறது. இதற்கு மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உன் வகுப்பில் இன்னொருவருக்கும் இருக்கக்கூடும். இது உன் குற்றமில்லை, எங்கள் குற்றமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது என்று நாம் சேர்ந்தே கற்றுக்கொள்வோம்." இவ்வளவு போதும். மூளையின் வேதியியல் முழுவதையும் ஒரே நாளில் விளக்க வேண்டியதில்லை. தெரியாததைக் கேட்டால், 'எனக்குத் தெரியவில்லை, மருத்துவரிடம் நீயே கேள்' என்று சொல்லி, அடுத்த முறை அவனையும் தனியே மருத்துவரிடம் பேச விடுங்கள்.

சில பிள்ளைகள் அழுவர். அது பெரும்பாலும் ஆறுதலின் அழுகை. சிலர், 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?' என்று சினப்பர். சிலர் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து சென்று, ஒரு மாதம் கழித்து வந்து கேட்பர். 'இயலாமை என்று ஒன்றுமில்லை, இது ஒரு வரம்' என்று மிகைப்படப் பேசி ஏமாற்றுவதும் பொய்யின் ஒரு வகையே. வரமென்றும் சாபமென்றும் சொல்லாமல் உள்ளபடி சொல்லுங்கள். பலருக்கு வயது ஏற ஏறத் தணியும், சிலருக்கு வளர்ந்த பின்னும் தொடரும் என்பதையும் மறைக்க வேண்டா.

சொன்ன பின்னர்தான் பெற்றோரின் கடமை தொடங்குகின்றது. வாயால் நான்கு வேலை சொல்லாமல் ஒன்றைச் சொல்லி, மற்றவற்றை எழுதி ஒட்டுதல். பையையும் காலணியையும் வாயிற்கதவருகே ஒரே இடத்தில் வைத்தல். ஒரு மணி நேரப் படிப்பை இருபது நிமிடங்களாகப் பகுத்தல். இரவுத் தூக்கத்தைக் காத்தல். இவையெல்லாம் சிறியன, ஆனால் பயன் தருவன. பள்ளியில் முன் வரிசையில் இடம் கேளுங்கள். ஆசிரியரிடம் சொல்வதற்கு முன் பிள்ளையின் இசைவைப் பெறுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; அதில் கற்றல் குறைபாடு உண்டு, இந்நிலைக்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படும் பிள்ளைகள் பலர். ஆகவே கற்றல் குறைபாட்டிற்கும் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013 இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் அரசுத் திட்டத்தின் முப்பது நிலைகளுள் இதுவும் ஒன்று. ஆதலின் செலவை எண்ணித் தயங்குவோர் முதலில் அரசு மருத்துவமனையை நாடலாம். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நம் இல்லங்களில் எழும் இரண்டு நடைமுறைச் சிக்கல்களை மருத்துவர் தாமாக அறியார். நாம்தான் கூற வேண்டும். இதற்கெனத் தரப்படும் மீத்தைல்பெனிடேட் போன்ற மருந்துகள் பகலில் பசியைக் குறைப்பதுண்டு. மருந்தின் வேகம் மாலையில் தணிந்து பசி எழும் நேரத்தில், இரவுணவு கொள்ளாத நம் வீடுகளில் அடுப்பு அணைந்திருக்கும். பிள்ளை மெலிந்துபோக இதுவே காரணமாகலாம். ஆகவே காலை உணவை மாத்திரைக்கு முன்பே நிறைவாகக் கொடுத்து, மாலை உணவின் நேரத்தை மருத்துவரோடு கலந்து வகுத்துக்கொள்ளுங்கள்; உபவாச நாள்களைப் பற்றியும் கேளுங்கள். மற்றொன்று, சில மருந்துகள் குப்பி வடிவில் வருகின்றன. அவற்றின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இதனை அறிந்த ஒரு குடும்பத்தார் எவரிடமும் கேளாமல் மருந்தையே நிறுத்திவிட்டனர். மாத்திரை வடிவமோ தாவர உறையோ கிடைக்குமா என்று கேட்டிருந்தால் வழி பிறந்திருக்கும். இதனையும் பிள்ளையை உடன் வைத்துக்கொண்டே பேசுங்கள். விரதமும் அவனுடையது, உடலும் அவனுடையது.

நெடுஞ்சாலை ஓர ஊரில் வாழும் நாம் இருசக்கர வண்டியைப் பற்றியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இந்நிலை உடைய இளைஞர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உரிய வயது அடையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கிறது. கடைக்குச் சரக்கு எடுத்துவர அனுப்பும் தந்தையர் இதனைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்நிலை பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. ஆதலின் பிள்ளைக்காக மருத்துவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தையோ தாயோ, 'இது என்னைப் பற்றியே கேட்பதுபோல் இருக்கிறதே' என்று திகைப்பதுண்டு. எனக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவர், முப்பது ஆண்டுகளாகப் பேரேட்டைத் தாமே எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் மனம் ஓடிவிடும் என்பதனால், சிறிய கடையாக இருந்த காலத்திலேயே கணக்குப்பிள்ளை ஒருவரை அமர்த்திக்கொண்டவர். மகனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பல நாள் தவித்த அவர், கடைசியில் ஒரு மாலை அவனைக் கல்லாவின் அருகே அழைத்து, தாம் ஏன் கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டார் என்பதிலிருந்து பேசத் தொடங்கினார். அன்று கடை மூட இரவு ஒன்பதரை ஆயிற்று என்று கணக்குப்பிள்ளை பின்னர் என்னிடம் கூறினார்.